மேசைக்கு அந்தப் பக்கம்: சில குறிப்புகள்

பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். 1785-இல் எழுந்த ஆலயம். கட்டியவர் குளோரிந்தா, மராத்தியப் பிராமணக் குடும்பத்து விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அதைக் காரணம் காட்டி மிஷனரிப் போதகர் சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778-இல்தான் கொடுத்தார். ஐயர் ஒருவர்கூட நிரந்தரமாக இல்லாத ஊரில் ஆட்களைக் கூட்டி, வேதம் சொல்லிக்கொடுத்து, சபை என்று ஒன்றை உண்டாக்கியது அந்த அம்மாள். 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள்.

சபை வந்தது, கட்டடமும் வந்தது. இனி ஐயர் வேண்டும். அதற்கும் தஞ்சாவூரிலிருந்த சுவார்ட்ஸுக்கு ஆள்மேல் ஆள் அனுப்பிக் கேட்டவர் குளோரிந்தாதான். சத்தியநாதன் வந்தார், 1790-இல் குருப்பட்டம் பெற்றார். சபையைத் தொடங்கிய பெண், தன் சபைக்குத் தலைவராகத் தானே ஓர் ஆணைக் கேட்டு வாங்கினார். அப்படிக் கேட்பது அன்றைக்கு யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. இன்றும் பல ஊர்களில் படுவதில்லை.

*

சனிக்கிழமை மாலை எந்த ஊர் ஆலயத்துக்குப் போனாலும் பார்க்கலாம். கூட்டிப் பெருக்குவது பெண்கள். பூச்சாடியில் தண்ணீர் மாற்றுவது, திருவிருந்து மேசை விரிப்பைத் துவைத்துத் தேய்த்து மடிப்புக் கலையாமல் விரிப்பது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பது, பாடகர் குழுவில் பாதிக்கு மேல், நோயாளி வீட்டு ஜெபம், பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கு. எல்லாம் அவர்கள்தான். மேசைக்கு இந்தப் பக்கம் அவர்கள் இல்லாமல் ஒரு வாரம் நகராது. அந்தப் பக்கம் நின்று அப்பத்தை எடுத்து ஆசீர்வதிக்கலாமா என்பதில்தான் உலகம் முழுக்க வழக்கு.

*

பிடியரிசி. சோற்றுக்கு அரிசி களையும்போது ஒரு கைப்பிடி தனியாக எடுத்துப் பானையில் போட்டு வைப்பது. மாதக் கடைசியில் சங்கத்தில் சேர்ப்பது. தென்மாவட்டச் சபைகளில் எத்தனையோ உபதேசியார்களின் சம்பளத்தில் இந்த அரிசி இருக்கிறது. மிசோரமில் இதையே 1910-இல் ஒரு முறையாகத் தொடங்கினார்கள். இன்று அது அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. அரிசி எடுத்து வைத்தது அடுப்படிப் பெண்கள். அந்த அரிசியில் ஊதியம் வாங்கிய மேய்ப்பர்கள் நெடுங்காலம் ஆண்கள்.

குடும்பச் செலவு யார் கையிலிருந்து போகிறதோ அவர் பேச்சு வீட்டில் எடுபடும் என்பார்கள். திருச்சபையில் இந்த விதி ஏனோ வேலை செய்வதில்லை.

*

பைபிள் உமன் என்ற வேலை எப்படி வந்தது? மேல்சாதி வீட்டு உள்ளறைக்குள் மிஷனரி ஐயரும் போக முடியாது, உபதேசியாரும் போக முடியாது. ஆகவே எழுத்தறிந்த, பெரும்பாலும் விதவையான ஒரு கிறிஸ்தவப் பெண்ணைச் சிறு சம்பளத்தில் அமர்த்தினார்கள். கையில் வேதாகமம், கக்கத்தில் அரிச்சுவடி. இந்தப் பெண்கள் வீடு வீடாக நடந்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், வேதம் சொன்னார்கள், பிரசவத்துக்கு ஆள் தேடினார்கள், சண்டை தீர்த்தார்கள். ஒரு போதகர் செய்கிற வேலையில் திருவிருந்தும் ஞானஸ்நானமும் தவிர மிச்சமெல்லாம் செய்தார்கள். மிஷன் அறிக்கைகளில் பலருக்குப் பெயர் கிடையாது. ‘எங்கள் பைபிள் உமன்’ என்று மட்டும் இருக்கும்.

இங்கே ஒரு பழக்கம் தெரிகிறது. ஆண் போக முடியாத இடம் வந்தால் பெண்ணுக்கு வேலை கிடைக்கும். அந்த வேலைக்குரிய பட்டம் கிடைக்க இன்னொரு நூறு வருடம் ஆகும்.

*

லீ டிம்-ஓய். ஹாங்காங்கில் 1907-இல் பிறந்தவர். பெண்கள் குருவான கதையில் யாரையாவது ஒருவரை மட்டும் சொல்ல வேண்டும் என்றால் நான் இவரைச் சொல்வேன்.

1941-இல் குருவுக்கு முந்தைய படியான டீக்கனாகப் பட்டம் பெற்று மக்காவ் சபைக்கு அனுப்பப்பட்டார். மக்காவ் போர்ச்சுகல் வசமிருந்த நடுநிலை ஊர். ஜப்பானியப் படைக்குத் தப்பி வந்த அகதிகளால் நிரம்பி வழிந்தது. ஹாங்காங் ஜப்பானியர் கைக்குப் போனபின் குருமார் யாரும் மக்காவுக்கு வர முடியவில்லை. திருவிருந்து நடத்த ஆள் இல்லை. டீக்கனான லீயே நடத்தட்டும் என்று முதலில் அனுமதி கொடுத்தார்கள். பேராயர் ரொனால்டு ஹாலுக்கு அது உறுத்தியது. குருவின் வேலையைச் செய்கிறவருக்குக் குருப்பட்டம் கொடுக்காமல் இருப்பது எந்த ஒழுங்கு? லீ ஜப்பானியக் காவல்களைக் கடந்து சீனாவின் உள்நாட்டுக்குப் பயணம் செய்தார். 1944 ஜனவரி 25, சாவ்சிங் நகரில் ஹால் அவர் தலைமேல் கை வைத்தார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் பெண் குரு.

போர் முடிந்தது. குருமார் மறுபடி பயணம் செய்ய முடிந்தது. உடனே கேள்வி வந்தது: யார் அனுமதித்தது? ஆங்கிலிக்கன் தலைமைப் பீடமான கேன்டர்பரியிலிருந்து கண்டனம், சீனப் பேராயர்களிடமிருந்து கண்டனம். ஹாலின் பதவிக்கே ஆபத்து வரும் என்ற நிலையில், 1946-இல் லீ குருவாகச் செயல்படும் உரிமையை விட்டுக்கொடுத்தார். பட்டத்தைத் துறக்கவில்லை, பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டார். ஹெப்பூ என்ற ஊருக்குப் போய்ச் சபையைப் பார்த்துக்கொண்டார், பிரசவ விடுதி தொடங்கினார். இருபது வருடம் சோதனையாகவாவது பெண் குருக்களை அனுமதியுங்கள் என்று தென்சீனப் பேராயம் கேட்டதற்கு ஆங்கிலிக்கன் பேராயர்களின் 1948 லாம்பெத் மாநாடு முடியாது என்றது.

பிறகு புரட்சி, ஆலயங்கள் மூடல், பண்ணை வேலை, தொழிற்சாலை வேலை. கலாசாரப் புரட்சிக் காலத்தில் தன் ஆராதனை அங்கிகளைத் தானே கத்தரிக்கோலால் வெட்டிப்போட வேண்டியிருந்தது. 1980களில் கனடா போனபின்தான் மறுபடி குருவாக மேசையில் நின்றார். இடையில் ஏறத்தாழ நாற்பது வருடம்.

பஞ்சத்தில் கொடுத்ததை விளைச்சல் வந்ததும் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த நாற்பது வருடமும் அவர் யாருக்கு எதிராகவும் நூல் எழுதவில்லை, வழக்குப் போடவில்லை. அதைத் தாழ்மை என்று புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புகழ்ச்சி கசக்கிறது. தாழ்மை அவருடையது, சரி. அதனால் லாபம் அடைந்தவர்கள் அதைப் புகழ்வது எப்படிச் சரியாகும்?

*

1971-இல் ஹாங்காங்கில் பேராயர் கில்பர்ட் பேக்கர் இரண்டு பெண்களுக்கு முறைப்படி குருப்பட்டம் கொடுத்தார். ஜேன் ஹுவாங், ஜாய்ஸ் பென்னட். பென்னட் ஆங்கிலேயர், பள்ளித் தலைமையாசிரியை. ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பியபோது இங்கிலாந்துத் திருச்சபை அவரைக் குருவாகச் செயல்பட விடவில்லை. ஹாங்காங்கில் குரு, லண்டனில் இல்லை. கப்பலில் எந்தக் கடலில் வைத்து அந்தப் பட்டம் கழன்று விழுந்தது என்று யாரும் விளக்கவில்லை.

*

1989 பிப்ரவரி 11, பாஸ்டன். பார்பரா ஹாரிஸ் உலக ஆங்கிலிக்கன் சபைகளின் முதல் பெண் பேராயர் ஆகிறார். கறுப்பினப் பெண். எண்ணெய் நிறுவனமொன்றில் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். இறையியல் கல்லூரிப் பட்டம் கிடையாது. ஆயிரக்கணக்கானோர் திரண்ட அந்த ஆராதனையில் எண்பதைத் தாண்டிய ஒரு சீனப் பாட்டியும் இருந்தார். லீ டிம்-ஓய். மூன்று வருடம் கழித்து டொரான்டோவில் இறந்தார்.

*

பேராயர் ஆவதற்கு முன் இந்தப் பெண்கள் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன்.

கேத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி, 2006-இல் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையின் தலைமைப் பேராயர்: கடலியல் விஞ்ஞானி. எல்லீனா வமுகோயா, 2012-இல் சுவாசிலாந்து, ஆப்பிரிக்காவின் முதல் பெண் ஆங்கிலிக்கன் பேராயர்: மன்சினி நகராட்சியின் தலைமை நிர்வாகி. சாரா முல்லலி, 2018-இல் லண்டன் பேராயர்: இங்கிலாந்து அரசின் தலைமைச் செவிலியர் அதிகாரி. ஹாரிஸைப் பற்றி மேலே சொன்னேன்.

வெளியுலகில் ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்து காட்டியவர்கள் இவர்கள். கதவு நெடுநாள் சாத்தியிருந்ததால் பெரும்பாலானோர் வேறு வாழ்க்கை ஒன்றை வாழ்ந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். தடை செய்தவர்கள் நினைக்காத ஒரு பலன் இது: பட்ஜெட், பணியாளர் தகராறு, பத்திரிகையாளர் கேள்வி எல்லாம் பார்த்துத் தேறிய பேராயர்கள் கிடைத்தார்கள்.

*

நந்தியால். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றானார்கள். பேராயர் கைவைத்துப் பட்டம் பெறாத போதகர்களையும் அப்படியே ஏற்றுக்கொள்வது என்பது உடன்பாடு. ஆந்திரத்தின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் பலருக்கு இது பிடிக்கவில்லை. மரபு கெட்டுவிடும் என்று வெளியே நின்றார்கள். 1975 வரை நின்றார்கள்.

அதே நந்தியாலுக்குத்தான் 2013 செப்டம்பர் 30-இல் புஷ்பலலிதா பேராயராக அபிஷேகம் பெற்றார். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர், கர்நூல் மாவட்டத்துக்காரர், 1980களில் பட்டம் பெற்றவர். அபிஷேகம் செய்தவர் கன்னியாகுமரிப் பேராயரும் அப்போதைய பிரதமப் பேராயருமான தேவகடாட்சம். அயர்லாந்து தன் முதல் பெண் பேராயரைப் பெற்றது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இங்கிலாந்துக்கு இன்னும் பதினாறு மாதம் ஆனது.

ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் நமக்கு வழிகாட்டுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்தக் காரியத்தில் நந்தியால் முந்தியது. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருடத்துக்கு மேல் ஓட்டியும் விட்டோம். முதல் பெண் என்பது செய்தி. இரண்டாவது, மூன்றாவது, ஏழாவது பெண் வந்து, யாரும் செய்தியாக எழுதாமல் போகிற நாளில்தான் அது வழக்கம் ஆகும்.

*

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டது: “பொம்பள ஐயர் வந்தா ஒத்துக்கிடுவீங்களா பெரியம்மா?”

“வந்தா வரட்டுமே. எஞ் சாவுக்கு நேரத்துக்கு வருவாவளா, அதச் சொல்லு.”

கேட்கச் சிரிப்பு. உள்ளே நடைமுறை இருக்கிறது. ஒரு சேகரத்தில் பல கிராமங்கள். ஒரு குருவானவர். ஒரே ஞாயிறில் மூன்று நான்கு ஆலயங்களில் திருவிருந்து. நடுவில் அடக்கம், கல்யாணம், கோர்ட்டுக் காரியம். இறையியல் கல்லூரிகளில் படித்து முடித்த பெண்கள் இருக்கிறார்கள். மதுரை அரசரடி, சென்னை குருகுல், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி எல்லாம் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. படித்து வந்தவர்களை எங்கே போடுகிறோம்? விடுதி மேற்பார்வை, பள்ளிச் சாப்ளின், பேராய அலுவலகத்தில் பெண்கள் பணி. சேகரம் கொடுத்தாலும் கடைசியிலிருக்கும் சேகரம். கணவர் வேலை ஒரு ஊரில், மனைவியின் சேகரம் வேறு ஊரில். குருமனை என்பதே ‘ஐயரும் அவர் மனைவியும்’ என்ற கணக்கில் கட்டிய வீடு. ஐயரின் மனைவி சம்பளம் வாங்காமல் பெண்கள் சங்கத்தை நடத்துவார் என்பதும் அந்தக் கணக்கில் அடக்கம். பெண் குருவின் கணவர் அந்த வேலையைச் செய்வார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆக ஒரு பெண் குருவானால், இரண்டு ஆள் வேலையும் அவர் தலையில்.

*

மாதவிலக்கு நாட்களில் பெண் குரு மேசையில் நிற்கலாமா என்ற கேள்வியை நேருக்கு நேர் யாரும் கேட்பதில்லை. கமிட்டியில் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். “நம்ம கல்ச்சருக்கு...” என்று ஆரம்பிக்கும். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் வருந்திய பெண் தன் ஆடையைத் தொட்டதை இயேசு கூட்டத்தின் நடுவே வெளிப்படையாகச் சொல்லி, அவளை மகளே என்று அழைத்த கதையை இதே ஆட்கள் சுகமளிக்கும் கூட்டங்களில் உருக்கமாகப் பிரசங்கம் செய்வார்கள்.

*

இரு தரப்புக்கும் பவுல்தான் சாட்சி. சபையில் பெண்கள் பேசக்கூடாது என்பவர்கள் முதலாம் கொரிந்தியர் பதினான்காம் அதிகாரத்தையும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தையும் திறப்பார்கள். கூடும் என்பவர்கள் ரோமர் கடைசி அதிகாரத்துக்குப் போவார்கள். அங்கே கெங்கிரேயா சபையின் பெபேயாள், பிரிஸ்கில்லாள், யூனியா என்று வரிசையாகப் பெண்கள். கலாத்தியர் மூன்றாம் அதிகாரமும் வரும். அதே கொரிந்தியர் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் பெண் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. பேசவே கூடாது என்றால் தலையை எதற்கு மூட வேண்டும்? இதற்கு நேராகப் பதில் சொன்ன எதிர்த்தரப்புப் பிரசங்கம் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

ஆனால் வசனத்தால் இந்த வழக்கு எங்கும் முடிந்ததாகவும் தெரியவில்லை. ஆள் தட்டுப்பாடு, போர், வாக்கெடுப்பு, சட்டம் இவை முடித்தன. வசனம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது.

*

கேத்தரின் பூத் 1859-இல் பெண்களின் ஊழியத்தை ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அடுத்த வருடம் தானே பிரசங்க மேடை ஏறினார். அவரும் கணவர் வில்லியமும் நிறுவிய இரட்சணிய சேனையில் பெண்கள் தொடக்கத்திலிருந்தே அதிகாரிகள். 1934-இல் அவர்கள் மகள் எவாஞ்சலின் சேனையின் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் கேத்தரின் பூத் பெயரில் மருத்துவமனை இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று அங்கே மருந்து வாங்க நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்று கவனிக்க வேண்டும். இரட்சணிய சேனையில் திருவிருந்தும் ஞானஸ்நானமும் கிடையாது. மேசையே இல்லாததால் மேசைக்கு எந்தப் பக்கம் என்ற சண்டையும் இல்லை.

*

சாராள் நவரோஜி எழுதிய பாட்டுகளைப் பாடாத தமிழ்ச் சபை ஒன்றைக் காட்ட முடியுமா? பெண் பிரசங்கம் பண்ணக்கூடாது என்று உறுதியாக இருக்கும் சபைகளிலும் அவர் பாட்டு முழங்குகிறது. ஆண்கள் கண்ணை மூடிக் கை உயர்த்திப் பாடுகிறார்கள். ஒரு பெண் எழுதிய உபதேசத்தை ராகத்தோடு சொன்னால் அது ஆராதனை. ராகம் இல்லாமல் சொன்னால் ஒழுங்கு மீறல்.

*

பண்டித ராமாபாய். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அங்கே ஆண் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் யோசனை வந்தபோது, இந்தியாவில் பேர் கெட்டுவிடும் என்று பேராயர்கள் குறுக்கே வந்தார்கள். ஆண்களும் இருந்த சபைகளில் சாஸ்திரம் பேசிக் கல்கத்தாவில் பண்டிதை என்று பட்டம் வாங்கிய பெண்ணிடம் போய்! பாதுகாவலாக நின்ற கன்னியாஸ்திரிகளோடு அவர் நடத்திய கடிதப் போராட்டம் அச்சில் இருக்கிறது. மனச்சாட்சியை இன்னொருவர் கையில் ஒப்படைக்க மாட்டேன் என்பதே அதன் சாரம்.

திரும்பி வந்து, புனேவுக்கு அருகே கேட்காவில் முக்தி மிஷனைக் கட்டினார். எபிரேயமும் கிரேக்கமும் கற்று வேதாகமம் முழுவதையும் மராத்தியில் பெயர்த்தார். அச்சுக் கோர்த்தது, அச்சடித்தது எல்லாம் அங்கே அடைக்கலம் வந்த பெண்கள். அவர் 1922-இல் இறந்தார். முழு நூல் 1924-இல் வெளிவந்தது. எந்தச் சபையும் அவருக்கு எந்தப் பட்டமும் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

*

சாரா சாக்கோ. திருச்சூரில் பிறந்தவர், சிரியன் ஆர்த்தடாக்ஸ். லக்னோ இசபெல்லா தோபர்ன் கல்லூரி முதல்வர். 1951-இல் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் தலைவர்களில் ஒருவரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். 1954-இல் கல்லூரி மைதானத்தில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் இறந்தார். ஐம்பதைத் தொடாத வயது. உலகச் சபைகளுக்கெல்லாம் தலைமை தாங்கத் தகுதி இருந்தது. சொந்த ஊர்ச் சபையில் பட்டம் பெறும் தகுதி அவருக்கும் இல்லை, அவருக்குப் பின் வந்த பெண்களுக்கும் இல்லை.

*

இங்கிலாந்து, 2012 நவம்பர். பெண் பேராயர்கள் வேண்டுமா என்று வாக்கெடுப்பு. பேராயர்கள் அவையில் 44 ஆம், 3 இல்லை. குருமார் அவையில் 148, 45. விசுவாசிகள் அவையில் 132, 74. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆறு வாக்கு குறைந்தது. தோற்றது. ஆதரவாக நின்றவர்கள் அங்கி போட்டவர்கள். தடுத்தவர்கள் முன்வரிசை பெஞ்சுக்காரர்கள், அவர்களில் பெண்களும் உண்டு. மேலே இருப்பவர்கள் மட்டும்தான் தடை என்ற வசதியான கதை இதில் உடைகிறது.

2014-இல் நிறைவேறியது. 2015 ஜனவரி 26, யார்க் மின்ஸ்டரில் லிபி லேன் பேராயரானார். நடுவில் ஒருவர் எழுந்து எதிர்த்துக் கத்தினார்; யார்க் தலைமைப் பேராயர் சென்டமு தயாராக வைத்திருந்த பதிலை வாசித்துவிட்டுத் தொடர்ந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பேராயர்கள் திரண்டு வந்து கைவைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே ஆலயத்தில் பிலிப் நார்த் அபிஷேகம். பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதை ஏற்காதவர். லிபி லேன்மேல் கை வைத்த பேராயர்கள் இவர்மேல் கை வைக்காமல் விலகி நின்றார்கள், சென்டமு உட்பட. அவர் ஒப்புக்கொள்ளும் மூன்று பேர் மட்டும் கை வைத்தார்கள். பெண்ணைத் தொட்ட கைக்குத் தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. அப்படி அர்த்தமில்லை என்று விளக்கமும் கொடுத்தார்கள். தீட்டு என்றால் என்னவென்று தெரிந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தக் காட்சியைப் பார்த்தபின் விளக்கம் தேவைப்படாது.

*

ரோம். 1994-இல் இரண்டாம் யோவான் பவுல், பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று எழுதிக் கதவைச் சாத்தினார். பிரான்சிஸ் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பக்கத்துச் சுவரில் சில ஜன்னல்கள் வைத்தார். 2021-இல் வாசகர், பீடத்துணைவர் பணிகள் சட்டப்படி பெண்களுக்கும் வந்தன. 2023 ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் துறவறத்தாருக்கான வத்திக்கான் துறையின் தலைவராக அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா நியமிக்கப்பட்டார். வத்திக்கான் துறை ஒன்றுக்கு முதல் பெண் தலைவர். கூடவே ஒரு கர்தினாலை இணைத் தலைவராகப் போட்டார்கள்.

வேலை அவருக்கு, குருத்துவக் கையெழுத்து தேவைப்பட்டால் பக்கத்தில் ஒருவர். பைபிள் உமனிலிருந்து வத்திக்கான் வரை ஒரே அமைப்பு.

பிரம்பில்லா செவிலியராகப் பயிற்சி பெற்றவர். முல்லலியும் செவிலியர்.

*

அந்த முல்லலியை 2025 அக்டோபர் 3-இல் கேன்டர்பரியின் 106-வது தலைமைப் பேராயராக அறிவித்தார்கள். பழமைவாத ஆங்கிலிக்கரின் கஃப்கான் அமைப்பிலுள்ள ஆப்பிரிக்கத் தலைவர்கள் அன்றே கண்டித்தார்கள். சீனத்தில் ஒரு குருப்பட்டத்தை முடக்க அன்று அழுத்தம் கொடுத்த நாற்காலியில் இன்று ஒரு பெண்.

எப்போது வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். முன்னவர் ஜஸ்டின் வெல்பி, சிறுவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவர் விஷயத்தைச் சரியாகக் கையாளவில்லை என்ற அறிக்கைக்குப்பின் 2024 நவம்பரில் விலகியவர். பெஞ்சுகள் காலி, நம்பிக்கை காலி, உலக ஆங்கிலிக்கக் குடும்பம் பிளவின் விளிம்பில். வீடு செழிப்பாக இருந்தபோது சாவி கைக்கு வரவில்லை. கூரை ஒழுகும்போது வந்தது. மக்காவில் லீக்குக் கொடுத்ததும் இப்படித்தான்: வேறு வழி இல்லாதபோது.

*

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பேராயத் தேர்தலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே இறையியல் விவாதம் நடப்பதில்லை. பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலம், கடை வாடகை, ஆசிரியர் நியமனம்: இவற்றின் சாவிக்கொத்து யாரிடம் என்பதுதான் தேர்தல். அணிகள் உண்டு, சாதிக் கணக்கு உண்டு, வழக்குகள் உண்டு. நீதிமன்றம் நிர்வாகிகளை நியமித்ததும் உண்டு. பேராய மன்றம் வாக்களித்துப் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டும், அதிலிருந்து திருச்சபையின் தலைமை மன்றமான சினாடு தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் இடம் பிடிக்க அணி வேண்டும். அணி கட்ட, நியமனம் கொடுத்த கை வேண்டும். பெண்களுக்கு நியமனம் கொடுக்கும் நாற்காலி கிடைப்பதே அரிது. ஆகவே அணி இல்லை. ஆகவே பட்டியலில் பெயர் இல்லை. வசனம் எதுவும் தேவைப்படாமலே கதவு சாத்திக்கொள்கிறது.

ஆகவே ‘நம் பேராயத்தில் பெண் பேராயர் எப்போது’ என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். முதலில் கேட்க வேண்டியவை சின்னக் கேள்விகள். நிதிக் குழுவில் எத்தனை பெண்கள்? பள்ளித் தாளாளர்களில் எத்தனை? குருமார் இடமாற்றப் பட்டியல் போடும் அறையில் எத்தனை? பெண் குருவுக்கு நகரத்துப் பெரிய சேகரம் எத்தனை முறை கொடுத்தோம்? அடுத்த பேராய மன்றக் கூட்டத்தின் ஆண்டறிக்கை வரும்போது பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து இதை எண்ணிப் பார்க்கலாம். காணிக்கை எண்ணுவதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. பெயர்களை எண்ணுவது அதைவிடச் சுலபம். எண்ணி முடித்ததும் அந்தத் தாளை மேடையிலிருப்பவர்களிடம் கொடுத்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்ல வேண்டும்.